7 ஆண்டு இழுத்த மீட்பு, 17 ஆண்டு காத்த கடிதம்: ஒரு நெடுந்தொடரின் துணைப் பாத்திரங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ ஃபேன்டஸித் தொடரில் இரண்டு பெண்கள் காணாமல் போகிறார்கள். ஒருத்தி ஃபைல். 1998-இல் வந்த 8-ஆம் பாகத்தின் கடைசியில் எதிரிக் கூட்டம் அவளைச் சிறைபிடித்துக்கொண்டு போகிறது. அவளுடைய கணவன் பெரின் அவளை மீட்பது 2005-இல் வந்த 11-ஆம் பாகத்தில். இன்னொருத்தி மொய்ரேன். 1993-இல் வந்த 5-ஆம் பாகத்தில், எதிரியைத் தள்ளிக்கொண்டு தானும் ஒரு மாயக் கதவுச் சட்டத்துக்குள் விழுந்து மறைகிறாள். 2010-இல், 13-ஆம் பாகத்தில்தான் திரும்பி வருகிறாள்.

ஃபைலுக்காகக் காத்திருந்த 7 ஆண்டுகளைப் பற்றி இந்தத் தொடரின் வாசகர்களிடம் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். மொய்ரேனுக்காகக் காத்திருந்த 17 ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால் கண் விரியும். ஒரே தொடர், கிட்டத்தட்ட ஒரே மாதிரியான சிக்கல். ஒன்று ஏன் பாரமானது, மற்றது ஏன் பலமானது என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. நானும் ஒரு ஃபேன்டஸித் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். 40 அத்தியாயம் தாண்டியதும் ஆட்கள் என் கையை மீறிப் போனார்கள். யாரை எந்த ஊரில் விட்டேன் என்று எனக்கே மறந்துபோனது. அப்போதுதான் இந்தத் தொடரை மறுபடி முதலிலிருந்து படித்தேன், இந்த முறை நாயகனை விட்டுவிட்டுத் துணைப் பாத்திரங்களை மட்டும் பின்தொடர்ந்து. தொடரை இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை: முக்கியமான திருப்பங்கள் பலவற்றைக் கீழே உடைத்துத்தான் பேசியிருக்கிறேன். அவற்றைத் தொடாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது.

ஆட்கள் பெருகிய விதம்

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். முதல் பாகம் 1990-இல் வந்தது, 14-ஆவதும் கடைசியுமான பாகம் 2013 ஜனவரியில். முன்கதையாக ஒரு தனி நாவலும் உண்டு. மொத்தம் சுமார் 44 லட்சம் சொற்கள். பெயர் உள்ள பாத்திரங்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல். ஜோர்டன் 2007 செப்டம்பரில் காலமானார். கடைசி மூன்று பாகங்களை அவருடைய குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார்.

ஆனால் இத்தனை பேரும் ஒரே நாளில் வந்து குவியவில்லை. முதல் பாகத்தில் ஒரு மலையடிவாரக் கிராமத்திலிருந்து ரான்ட், மேட், பெரின், எக்வீன் என்று நான்கு பிள்ளைகள் கிளம்புகிறார்கள். கூட்டிக்கொண்டு போவது மொய்ரேன் என்ற மந்திரக்காரியும் அவளுடைய காவலன் லானும். தோம் என்ற பாடகர் தானாகவே ஒட்டிக்கொள்கிறார். கிராமத்து வைத்தியச்சி நைனீவ் பின்னாலேயே தேடிக்கொண்டு வந்து சேர்கிறாள். எட்டே பேர். கையில் எண்ணிவிடலாம்.

பாகத்தின் நடுவில், ஒரு பாழடைந்த நகரத்தில், இந்த எட்டுப் பேரும் மூன்று கூட்டமாகச் சிதறுகிறார்கள். மறுபடி படித்தபோது நான் நின்று கவனித்த முதல் இடம் இதுதான். கூட்டம் பிரிந்ததும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனியாக ஒரு வழித்துணை வேண்டியிருக்கிறது, தனியாக ஒரு எதிரி, தங்க இடம் கொடுக்க ஒரு சத்திரக்காரர், காட்டிக்கொடுக்க ஒருத்தன். பெரினும் எக்வீனும் தனியே போனதால்தான் ஓநாய்களோடு பேசும் எலயாஸ் என்ற காட்டு மனிதர் கதைக்குள் வருகிறார். ஆக, ஆசிரியர் புதுப் பாத்திரம் படைக்க ஆசைப்பட்டதால் ஆட்கள் பெருகவில்லை. பழையவர்களைப் பிரித்துவிட்டதால் பெருகினார்கள். 6, 7-ஆம் பாகங்களுக்கு வரும்போது முதல் பாகத்தில் கிளம்பிய பிள்ளைகள் ஆளுக்கொரு படையோ அரசவையோ வைத்திருக்கிறார்கள். அரசவை என்றால் அதற்கு ஆலோசகர், ஒற்றர், பணிப்பெண், துரோகி எல்லாரும் வேண்டும்தானே.

என் தொடரிலும் இதே கதைதான். ‘ஏன் இத்தனை பேர்?’ என்று என் அத்தியாயங்களைத் திருப்பிப் பார்த்தபோது, ஒவ்வொரு முறையும் பதில் நான்கைந்து அத்தியாயம் முன்னால் நான் செய்த ஒரு பிரிவில் இருந்தது.

பெயர் நினைவில் நிற்க ஒரு பிடி

இத்தனை பேரை வாசகர் எப்படி நினைவில் வைப்பார்? ஜோர்டன் செய்த வேலைகளில் நான் அதிகம் வியப்பது, ஏஸ் செடாய் எனப்படும் மந்திரக்காரிகளின் சபைக்கு அவர் போட்ட அமைப்பு. சபையில் ஏழு பிரிவு, ஏழு நிறம். பச்சை என்றால் போருக்குத் தயாராக இருப்பவர்கள். பழுப்பு என்றால் ஏட்டிலேயே மூழ்கியவர்கள். மஞ்சள் வைத்தியம், சாம்பல் சமரசம், வெள்ளை தர்க்கம், நீலம் ஏதாவது ஒரு லட்சியத்துக்காக உழைப்பது, சிவப்பு மந்திரம் செய்யும் ஆண்களை வேட்டையாடுவது. இனி ஒரு புதுப் பெண் கதைக்குள் நுழையும்போது ‘பழுப்புப் பிரிவைச் சேர்ந்த இன்னார்’ என்று ஒரு வரி போதும். அவள் எப்படிப் பேசுவாள், எதைக் கவனிக்கமாட்டாள் என்று வாசகர் பாதியைத் தானே நிரப்பிக்கொள்வார். நூறு பெண்களை நூறு தடவை அறிமுகம் செய்யும் வேலையை ஏழு அறிமுகத்தில் முடித்துவிட்டார்.

அப்புறம் தனி ஆளுக்கான அடையாளம். நைனீவ் கோபம் வந்தால் தன் பின்னலைப் பிடித்து இழுப்பாள். முதல் பாகத்தில் இது அழகு. பத்தாவது பாகத்திலும் அதே பின்னலை இழுத்தால்? நைனீவை நான் நேசிக்கிறேன், ஆனாலும் இந்த இடத்தில் ஜோர்டன் தவறிவிட்டார் என்றே நினைக்கிறேன். இரண்டு பக்கம் வந்து போகிறவருக்கு ஒரே அடையாளம் போதும். ஆயிரக்கணக்கான பக்கம் கூடவே வருகிறவளுக்கு அது போதாது, கொஞ்ச நாளில் அடையாளமே ஆளை மூடிவிடும்.

தமிழ் வாசகருக்கு இதைச் சொல்ல ஆழ்வார்க்கடியான் நம்பியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ‘பொன்னியின் செல்வன்’ வரலாற்று நாவல்தான், ஃபேன்டஸி இல்லை. ஆனால் கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் வாசகர் யாரையும் மறந்துவிடக் கூடாது. முன்குடுமி, கைத்தடி, கண்ட சைவரோடெல்லாம் சண்டை. அவன் எங்கே வந்தாலும் பெயர் சொல்லாமலே அடையாளம் தெரிந்துவிடும். அதோடு நிற்காமல், அந்தச் சண்டைக்காரத் தோற்றத்தையே ஒரு ஒற்றனின் முகமூடியாக்கிவிட்டார் கல்கி. அவன் முதல்மந்திரி அநிருத்தரின் ஆள். நாம் சிரித்துக்கொண்டே பார்த்த அடையாளத்துக்குப் பின்னால் இன்னொரு ஆள் இருந்திருக்கிறான்.

ஜோர்டனின் வெரினும் இப்படி வார்க்கப்பட்டவள்தான்.

வெரின்: ஒரு பொய், 19 ஆண்டு

வெரின் பழுப்புப் பிரிவு. பேசிக்கொண்டிருக்கும்போதே ஏதோ யோசனையில் தொலைந்துபோகிறவள், வயதானவள், ஏடும் மையுமாக இருப்பவள். பழுப்பு என்றதும் நாம் எதிர்பார்ப்பது அப்படியே இருக்கிறது, அதனால் யாரும் அவளை உற்றுப் பார்ப்பதில்லை. 1990-லேயே வந்த 2-ஆம் பாகத்தில், பெரினும் மேட்டும் போகும் ஒரு தேடுதல் படையோடு அவள் வழியில் வந்து சேர்கிறாள். மொய்ரேன்தான் அனுப்பினாள் என்கிறாள். நாம் ‘சரி’ என்று புரட்டிவிடுகிறோம். பின்னால் ஓர் இடத்தில் மொய்ரேன், தான் அனுப்பவில்லை என்கிறாள். இந்த உலகத்தின் சட்டம் என்னவென்றால், ஏஸ் செடாய் யாரும் உண்மையில்லாத சொல்லைப் பேச முடியாது. சபதம் அவர்களைக் கட்டியிருக்கிறது. அப்படியானால் வெரின் எப்படிப் பொய் சொன்னாள்?

கேள்வி அங்கேயே விழுந்து கிடக்கிறது. வெரின் அதன்பின் வருகிறாள், போகிறாள், தேநீர் குடிக்கிறாள், குறிப்பெடுக்கிறாள். அவளுக்காக யாரும் படை திரட்டவில்லை.

பிறகு 2009. 12-ஆம் பாகம். எக்வீனின் அறைக்கு வெரின் வந்து உட்கார்கிறாள். கையில் தேநீர்க் கோப்பை. பேச்சுவாக்கில், எக்வீன் உடுத்தியிருக்கும் உடை பச்சை நிறம் என்கிறாள். அது பச்சை இல்லை என்று இருவருக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தையில் எக்வீனுக்கு ரத்தம் உறைகிறது. பொய் பேச முடிந்த ஏஸ் செடாய் என்றால் அவள் கறுப்புப் பிரிவு, எதிரியின் ஆள். வெரின் அதை ஒப்புக்கொள்கிறாள். ஒப்புக்கொள்ள அவளால் முடிவதற்கு ஒரே காரணம்தான்: தன் எஜமானைக் காட்டிக்கொடுக்கமாட்டேன் என்று அவள் செய்த சத்தியம் சாகும் நேரம் வரைக்கும்தான். தேநீரில் விஷம். இது அவளுடைய கடைசி ஒரு மணி நேரம். எதிரிக் கூட்டத்துக்குள் இருந்துகொண்டே இத்தனை ஆண்டு சேர்த்த பெயர்களை எல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதி எக்வீன் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுகிறாள்.

இந்த அத்தியாயத்தை முதன்முறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன். அதற்கு மேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை. இரண்டாம் முறை படிக்கும்போது எண்ணிப் பார்த்தேன், அவளுக்காக ஜோர்டன் செலவழித்த பக்கங்கள் எவ்வளவு குறைவு என்று. பெரின் மனைவியைத் தேடி அலைந்த பக்கங்களோடு ஒப்பிட்டால் சொற்பம். ஒரு பொய்யை மட்டும் வெளியே தெரியும்படி விட்டு வைத்தார், மற்றதை நம் மனம் அடைகாத்தது.

இல்லாமல் போனவர்கள்

ஆட்கள் கூடியதும் ஜோர்டன் எடுத்த ஒரு தைரியமான முடிவு, முக்கியமான ஆளையே ஒரு முழுப் பாகத்துக்கு வெளியே நிறுத்துவது. 3-ஆம் பாகத்தில் நாயகன் ரான்டே பெரும்பாலும் கண்ணில் படமாட்டான். 5-ஆம் பாகத்தில் பெரின் கிடையாது. 8-ஆம் பாகத்தில் மேட் கிடையாது.

பெரின் இல்லாதது யாரையும் உறுத்தவில்லை. 4-ஆம் பாகத்தின் முடிவில் அவன் சொந்த ஊரைக் காப்பாற்றி, ஃபைலைக் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு நிலைக்கு வந்துவிட்டான். கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பலாம். மேட் விஷயம் அப்படியில்லை. 7-ஆம் பாகத்தின் கடைசியில், நகரத்தின் மேல் படையெடுப்பு நடக்க, தொலைந்துபோன ஒரு சிறுவனைத் தேடிக்கொண்டு அலையும் மேட் மேல் ஒரு சுவர் இடிந்து விழுகிறது. அத்தோடு அவனை விட்டுவிட்டார். அடுத்த பாகம் இரண்டு ஆண்டு கழித்து வந்தது, அதில் அவன் இல்லை. 2000-இல்தான் திரும்பி வந்தான். 1996-லிருந்து நான்கு ஆண்டு ஒரு ஆளைச் சுவருக்கடியில் விட்டுவைத்தால் வாசகர் 8-ஆம் பாகத்தின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ‘இதிலாவது மேட் வருவானா’ என்று பார்த்துக்கொண்டேதான் படிப்பார். கண்முன்னே இருக்கும் பாத்திரங்களுக்குச் சேரவேண்டிய கவனத்தை இல்லாதவன் தின்றுவிடுகிறான்.

இரண்டு மீட்புகள், அருகருகே

இப்போது ஃபைலுக்கும் மொய்ரேனுக்கும் வருகிறேன்.

ஃபைல் சிறைபட்டதும் கதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் அவளைப் பிடித்துவைத்த ஷைடோ என்ற எதிரிக் கூட்டத்தின் முகாம். அவள் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. கூடவே ஒரு நாட்டு ராணி, வேறு பெயரில் ஒளிந்து வாழும் இன்னொரு முன்னாள் ராணி, தோழிகள் என்று ஒரு கும்பலே பிடிபடுகிறது. முகாமில் தலைவி செவான்னா, அவளுக்கு அடங்காத மூத்தவள் தெராவா, இவர்களிடம் மாட்டிய ஒரு ஏஸ் செடாய், ஃபைலுக்கு உதவ முன்வரும் வீரன் ரோலன். மறுபக்கம் பெரினின் முகாம். அங்கே அவன்மேல் கண்ணுள்ள ஓர் அரசி, ஒரு மதவெறியன், மந்திரக்காரிகள், மந்திரக்காரர்கள், புதிதாகக் கைகோக்கும் முன்னாள் எதிரிப் படை. ஒருத்தியை மீட்கவேண்டிய கதைக்குள் இரண்டு புது ஊர் முளைத்துவிட்டது. எல்லாருக்கும் பெயர் உண்டு, பேச்சு உண்டு, ஒருவருக்கொருவர் பகை உண்டு.

இத்தனைக்கும் நடுவில் நிலைமை மாறவே இல்லை. அவள் உள்ளே, அவன் வெளியே. 9-ஆம் பாகத்தில் அப்படி, 10-ஆம் பாகத்திலும் அப்படியே. ஒவ்வொரு முறை பெரின் அத்தியாயம் தொடங்கும்போதும், சென்ற முறை அவனை விட்ட இடத்திலேயே மனவேதனையோடு நின்றுகொண்டிருக்கிறான்.

ஆனால் ஒரு காட்சி இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பேசினால் ஜோர்டனுக்குச் செய்யும் அநியாயம். 10-ஆம் பாகத்தில் பிடிபட்ட ஷைடோ வீரர்களிடம் பெரின் தகவல் கேட்கிறான். அவர்கள் வாய் திறக்கவில்லை. மென்மையானவன் என்று நாம் நம்பிய பெரின் கோடரியை ஓங்கி ஒருவனுடைய கையை வெட்டுகிறான். பின்பு, அத்தனை ஆண்டும் இடுப்பில் சுமந்த அந்தக் கோடரியைத் தூக்கி எறிகிறான், அது ஒரு மரத்தில் போய்ப் பதிகிறது. எடுக்காமல் நடந்துவிடுகிறான். இது ஏன் நெஞ்சில் அறைகிறது என்றால், முதல் பாகத்தில், காட்டில், எலயாஸ் அவனுக்கு ஒரு புத்தி சொல்லியிருப்பார்: இந்தக் கோடரியை நீ வெறுக்கும் வரை வைத்துக்கொள், வெறுப்பு என்றைக்குப் போகிறதோ அன்றைக்கு எறிந்துவிட்டு ஓடு என்று. சொன்னது 1990-இல், எறிந்தது 2003-இல். ஒரு துணைப் பாத்திரம் போகிற போக்கில் சொன்ன வார்த்தை 13 ஆண்டு கழித்துப் பலிக்கிறது. மூன்று பாக மீட்புக் கதையில் என் மனதில் நின்றது இந்த ஒரு காட்சிதான். இதற்கு அந்த முகாம்களின் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் தேவைப்படவே இல்லை.

மொய்ரேனைப் பாருங்கள். கதவுச் சட்டத்துக்குள் விழுந்ததும் எல்லாரும் அவள் செத்துவிட்டதாக நம்புகிறார்கள். அவள் எங்கே இருக்கிறாள், என்ன பாடுபடுகிறாள் என்று ஓர் அத்தியாயம்கூட அவள் பக்கத்திலிருந்து இல்லை. ஆனால் அவள் இல்லாமை மற்றவர்களிடம் வேலை செய்துகொண்டே இருக்கிறது. காவலன் லானோடு அவளுக்கிருந்த பிணைப்பு அறுந்து, அவன் நடைப்பிணமாகிறான். ரான்ட் தன்னால் இறந்த பெண்களின் பெயர்களை மனதுக்குள் ஜபம் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறான், அதில் அவள் பெயரும் உண்டு. பாடகர் தோமுக்கு அவள் ஒரு கடிதம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தோம் அந்தக் கடிதத்தை எடுப்பதும் தடவுவதும் மறுபடி பைக்குள் வைப்பதுமாக இருக்கிறார். பல பாகங்களுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. 11-ஆம் பாகத்தில்தான் மேட்டிடம் காட்டுகிறார். தான் சாகவில்லை, மீட்க மூன்று பேர்தான் வரவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறாள்.

கசங்கிய ஒரு காகிதம். அதற்கு அரசவை வேண்டாம், எதிரி முகாம் வேண்டாம். தோம் வரும் காட்சியில் இரண்டு வரி இடம் கொடுத்தால் போதும், மொய்ரேன் உயிரோடு இருப்பாள்.

பார்வை கொடுத்தால் கடன்

இதிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். நெடுந்தொடரைத் தடுமாற வைப்பது பாத்திரங்களின் எண்ணிக்கை இல்லை, பார்வைக் கோணம் பெற்றவர்களின் எண்ணிக்கை. ஒரு பாத்திரத்தின் தலைக்குள் வாசகரை அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டால், அந்த ஆளுக்கு நாம் கடன்பட்டுவிட்டோம். அடுத்த பாகத்தில் அவரைக் காட்டவேண்டும். காட்டினால் ஏதாவது நடக்கவேண்டும். நடக்க எதுவும் இல்லை என்றாலும் முறை வந்துவிட்டதே என்று காட்டவேண்டியிருக்கிறது. ஃபைலுக்கும் பெரினுக்கும் இருவருக்குமே பார்வை இருந்தது. வெரினுக்கு மிகக் குறைவு. மறைந்திருந்த காலத்தில் மொய்ரேனுக்குச் சுத்தமாக இல்லை.

2003-இல் வந்த 10-ஆம் பாகம் இந்தக் கடன் சுமையின் உச்சம். 9-ஆம் பாகத்தின் கடைசியில் ரான்ட் உலகையே உலுக்கும் ஒரு காரியத்தைச் செய்து முடிக்கிறான். வாசகர் அடுத்து என்ன என்று துடிக்கிறார். 10-ஆம் பாகமோ பெரும்பகுதி பின்னோக்கிப் போய், அதே நேரத்தில் மற்ற முகாம்களில் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், தொலைவில் எழுந்த அந்தச் சக்தியை எப்படி உணர்ந்தார்கள் என்று ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு போகிறது. பந்தியில் யாரையும் விட்டுவிடக் கூடாது என்று இலை இலையாகப் பரிமாறுகிற மாதிரி. எல்லாருக்கும் கிடைத்தது, யாருக்கும் வயிறு நிறையவில்லை.

என் முடிவுக்கு எதிரான உதாரணம் ஒன்றையும் சொல்லவேண்டும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ ஃபேன்டஸித் தொடரின் 4-ஆம் பாகத்தை 2005-இல் வெளியிட்டபோது, ஆட்கள் பெருகிவிட்டதால் கதையை நிலப்பகுதி வாரியாக இரண்டாக வெட்டினார். வாசகர் அதிகம் தேடும் மூன்று பேருக்கு அதில் ஓர் அத்தியாயம்கூட இல்லை. அவர்களுடைய கதை 5-ஆம் பாகமாக வர 2011 ஆனது. தாமதத்துக்கு ஒரு காரணம், மீரீன் என்ற நகரத்துக்கு யார் எப்போது வந்து சேர்வது என்ற முடிச்சு. அதை அவிழ்க்க அவர் செய்தது புதிதாக ஒரு பார்வைக் கோணத்தைச் சேர்ப்பது, பாரிஸ்டன் என்ற வயதான வீரரை. கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிய மாதிரி தோன்றும். ஆனால் அந்த நகரத்தில் நடப்பதைப் பார்க்க அங்கே ஒரு கண் வேண்டியிருந்தது, ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருந்த ஆளுக்கே அதைக் கொடுத்தார். அதே மார்ட்டின், 4-ஆம் பாகத்தில் ஆரிஸ் என்ற ஒரு காவல் வீரனுக்கு ஒரே ஓர் அத்தியாயம் பார்வை கொடுத்து, வேறொருவர் அத்தியாயத்தில் அவனைச் சாகடித்துக் கணக்கை முடித்துவிடுகிறார். பார்வை கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுக்கும் அன்றைக்கே எங்கே முடிக்கப்போகிறோம் என்று தெரிந்திருந்தால் கடன் கழுத்தை நெரிக்காது.

கடைசி மூன்று பாகம்

ஜோர்டனுக்குப் பிறகு தொடரை முடிக்க சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தவர் ஜோர்டனின் மனைவியும் தொடரின் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல். ஜோர்டனின் உதவியாளர்கள் மரியா சைமன்ஸ், அலன் ரோமன்சுக் இருவரும் யார் யார், எங்கே, எப்போது என்ற விவரங்களைச் சரிபார்க்கக் கூடவே இருந்தார்கள். பெயர்ப் பட்டியலும் காலவரிசையும் எழுத்தாளரின் தலைக்கு வெளியே இருந்ததால்தான் இன்னொருவர் வந்து முடிக்க முடிந்தது. ஒரே பாகம் என்று தொடங்கியது மூன்றானது.

சாண்டர்சன் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஆண்ட்ரால். அதற்கு முன்பு பெயரளவில் இருந்தவன். மந்திர பலம் மிகக் குறைவு, ஆனால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வாசல் திறப்பதில் மட்டும் யாரும் அவனுக்கு ஈடில்லை. மந்திரம் செய்யும் ஆண்கள் பயிற்சி பெறும் கறுப்புக் கோபுரத்தில் நடப்பதைச் சொல்ல ஒரு கண் தேவைப்பட்டபோது, புதிதாக ஒருவரைக் கொண்டுவராமல் இவனை முன்னால் இழுத்தார். கடைசிப் போரில் ஆண்ட்ரால் திறக்கும் வாசல் வழியாக எரிமலைக் குழம்பு எதிரிப் படை மேல் கொட்டுகிறது. மற்றவர்கள் வாசலை வழியாகப் பார்த்தார்கள், இவன் ஆயுதமாகப் பார்த்தான். அவனுடைய சின்னத் திறமைக்குள்ளேயே அவனுடைய முடிவு இருந்தது.

14-ஆம் பாகத்தின் 37-ஆம் அத்தியாயம், தனியாக அச்சிட்டாலே ஒரு நாவல் அளவு வரும் போர் அத்தியாயம். அதில் பார்வை ஆள் விட்டு ஆள் தாவிக்கொண்டே போகிறது. 10-ஆம் பாகத்தில் சலித்த அதே உத்திதான். இங்கே சலிக்கவில்லை, ஏனென்றால் எல்லாரும் ஒரே களத்தில் நிற்கிறார்கள், ஒவ்வொருவர் செய்வதும் பக்கத்தில் நிற்பவரின் உயிரைத் தொடுகிறது. கிராமத்திலிருந்து முதல் பாகத்தில் கிளம்பிய பேலா என்ற பெண்குதிரைகூட அந்தக் களத்தில் இருக்கிறது. அதன் தலைக்குள் யாரும் ஒருபோதும் நம்மை அழைத்துப்போகவில்லை, இருந்தாலும் அதற்கு என்ன ஆகுமோ என்று மனம் பதறியது.

என் மேசையில்

படித்து முடித்ததும் என் தொடரின் எல்லாப் பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதினேன். 63 பேர். பயந்துபோனேன். பிறகு பார்வை கொடுத்தவர்களை மட்டும் வட்டமிட்டேன், 11 பேர். நாயகிக்கும் அவள் தம்பிக்கும் எதிரிக்கும் வேண்டும். மீதி எட்டுப் பேரின் பெயருக்கு எதிரே இரண்டு கேள்வி எழுதினேன். இவரை யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? எந்தப் பொருள் இவரைத் திரும்பக் கொண்டுவரும்?

அந்த எட்டில் ஒருவர் ஒரு படகுக்காரர். 12-ஆம் அத்தியாயத்தில், வெள்ளத்தில் நாயகியைக் கரை சேர்த்தவர். எழுதும்போது அவர்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது, ஒரு முழு அத்தியாயம் அவர் தலைக்குள் உட்கார்ந்து எழுதினேன். அவருடைய இறந்துபோன மகன், பழுதான படகு, ஆற்றைப் பற்றிய அவருடைய பயம் எல்லாம் வந்தது. விளைவு, அதற்குப் பிறகு ஐந்து அத்தியாயத்துக்கு ஒரு முறை அவரை ஆற்றங்கரையில் காட்டவேண்டி வந்தது. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அவர் படகைப் பழுது பார்த்துக்கொண்டே இருந்தார்.

திருத்திய பிரதியில் அந்த ஆற்றங்கரைக் காட்சிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவர் மகனைப் பற்றிய பகுதியைத் தொட மனம் வரவில்லை, அதைப் படகில் அவர் நாயகியிடம் சொல்கிற மாதிரி மாற்றினேன். அதோடு ஒன்று சேர்த்தேன். கரை சேர்ந்ததும் அவள் கூலி கொடுக்கக் காசை எடுக்கிறாள். அதற்குள் துரத்தி வந்தவர்களின் பந்தம் மறுகரையில் தெரிகிறது. அவர் படகைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார். காசு அவள் கையிலேயே நின்றுவிடுகிறது.

இப்போது 31-ஆம் அத்தியாயத்தில் அவள் பசியோடு ஒரு சந்தையில் நிற்கிறாள். முடிச்சில் அந்த ஒரு காசு இருக்கிறது. அவிழ்த்துப் பார்க்கிறாள், மறுபடி முடிந்துகொள்கிறாள். படகுக்காரர் எப்போது திரும்பி வருவார் என்று நோட்டில் எழுதிவிட்டேன்: 58.